கடைசி ஐந்து கிலோமீட்டர்

பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து கிளம்பும் அலை நம் மொட்டைமாடிக்கு வந்து சேர, ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. வழி நெடுக வெற்றுவெளி. குறுக்கே நிற்க எதுவும் இல்லை. பூமியை நெருங்கும் கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான் மழை இருக்கிறது. விசாட் என்று சொல்லப்படும் சிறு தரைநிலையங்களை நிறுவுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். சென்னையில் தொடங்கி, கேரளம், வடகிழக்கு மாநிலங்கள் என்று சுற்றி, அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். இந்தத் தொழிலில் நான் கற்றதில் பெரும்பகுதி அந்த ஐந்து கிலோமீட்டரைப் பற்றியதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது விசாட் என்றால் பெரும்பாலும் சி பேண்ட். தேசியப் பங்குச் சந்தை 1994-ல் வர்த்தகத்தைத் தொடங்கியதே விசாட் வலையமைப்பின் துணையோடுதான். ஊர் ஊராகத் தரகர் அலுவலகங்களின் கூரைகளில் வெள்ளை டிஷ்கள் முளைத்தன. சி பேண்டில் கீழே வரும் அலை 4 கிகாஹெர்ட்ஸ், மேலே போவது 6. அந்தக் காலத்தில் மழையைப் பற்றி எங்களுக்குள் பேச்சே வராது. டிஷ்ஷை எப்படி மேலே ஏற்றுவது என்பதுதான் பேச்சு. 2.4 மீட்டர், 3.8 மீட்டர் அகலத் தகடுகள், நாலைந்து ஆட்கள், கயிறு, சாரம் என்று ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பிறகு கே.யூ. பேண்ட் வந்தது. கீழே வருவது 11, 12 கிகாஹெர்ட்ஸ். மேலே போவது 14. 1.2 மீட்டர் டிஷ் போதும். இரண்டு பேர் படிக்கட்டில் தூக்கிப்போய், மதியச் சாப்பாட்டுக்குள் மாட்டிவிட்டு இறங்கிவிடலாம். ஏ.டி.எம்.களும் பெட்ரோல் பங்க்குகளும் சாலை முடியும் ஊர்களின் வங்கிக் கிளைகளும் இணைப்புக்குள் வந்தது இந்தச் சிறிய டிஷ்ஷால்தான். 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஜுசாட், கல்விக்காகவே கே.யூ. கற்றைகளை நாட்டின் மேல் விரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் தூர்தர்ஷனின் டி.டி.எச். சேவை வந்தது. டிஷ் சிறுத்தது. கூடவே, அதுவரை எங்களுக்கு ஒரு பொருட்டாக இல்லாத மழை, தினசரிப் பேச்சாயிற்று.

அலையின் நீளத்துக்கும் துளியின் பருமனுக்கும் உள்ள உறவுதான் இதற்குக் காரணம். 4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏழரை சென்டிமீட்டர். மழைத்துளியின் குறுக்களவு ஒன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர். அவ்வளவு நீண்ட அலை துளிகளைச் சட்டை செய்யாமல் போய்விடும். 12 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டராகச் சுருங்கும்போது துளி குறுக்கிடத் தொடங்குகிறது. கே.ஏ. பேண்டின் 30 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒரே சென்டிமீட்டர். அரை சென்டிமீட்டர் துளி அதை ஓரளவு உறிஞ்சும், ஓரளவு சிதறடிக்கும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழைக்குள் ஒரு கிலோமீட்டர் கடந்தால், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் சூத்திரப்படி 4 கிகாஹெர்ட்ஸில் இழப்பு 0.2 டெசிபலைத் தொடாது. 12-ல் ஐந்தரை டெசிபல், 20-ல் பன்னிரண்டு, 30-ல் பத்தொன்பது. 3 டெசிபல் போனால் சக்தியில் பாதி போயிற்று. 10 போனால் பத்தில் ஒரு பங்கு மிச்சம். 20 போனால் நூற்றில் ஒன்று. இவை ஒரே ஒரு கிலோமீட்டருக்கு உரிய எண்கள்.

வாங்கும் பக்கத்துக்கு இதற்கு மேலும் ஓர் அடி உண்டு. தெளிந்த வானம் ரேடியோ அலைகளுக்குக் குளிர்ந்த பின்னணி. மழை வந்ததும் டிஷ் பார்ப்பது வெதுவெதுப்பான நீர்த்திரையை. அது தானும் இரைச்சலை அனுப்புகிறது. சிக்னல் இறங்கும் அதே நிமிடத்தில் இரைச்சல் ஏறுகிறது. மழை இழப்பை மட்டும் எழுதி, இந்த இரைச்சலை எழுதாமல் விட்ட வடிவமைப்புத் தாள்களை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள்களை நம்பி மாட்டிய டிஷ் முதல் இடிமழையிலேயே நின்றுவிடும்.

இனிச் சொல்லப்போவது, எங்கள் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கும் விஷயம். ஆண்டு முழுவதும் எவ்வளவு மழை பெய்கிறது என்பது இந்தக் கணக்கில் முக்கியமே இல்லை. எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பதுதான் முக்கியம். கேரளத்தில் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை நாள் முழுக்க, வாரம் முழுக்க நசநசவென்று பெய்யும். ஓடைகள் நிரம்பும், சுவரெல்லாம் ஓதம் ஏறும், கே.யூ. இணைப்போ இரண்டு மூன்று டெசிபல் குறைந்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். ஐப்பசியில் துலாவர்ஷம் வரும். மதியம் வரை வெயில், நாலு மணிக்கு இடியோடு கொட்டி, அரை மணியில் விட்டுவிடும். இணைப்பு அறுவது அப்போதுதான். அஸ்ஸாமில் பருவமழைக்கு முன் சித்திரையில் வரும் இடிப்புயலும் இப்படித்தான். பருவமழை தொடங்கப் போகிறது, ஆட்களைத் தயாராக வையுங்கள் என்று அலுவலகத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் மே கடைசியில் சுற்றறிக்கை வரும். ஆட்கள் தேவைப்பட்ட ஏப்ரல் அதற்குள் முடிந்திருக்கும்.

நம்மிடம் இருக்கும் மழைக் கணக்கும் இதற்கு உதவாது. வானிலை நிலையங்கள் காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் எட்டரை மணி வரை, 24 மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று தருகின்றன. பயிருக்கும் ஏரிக்கும் அது போதும். 60 மில்லிமீட்டர் என்று பதிவான நாளில் அந்த மழை பத்து மணி நேரம் தூறியதா, நாற்பது நிமிடத்தில் கொட்டித் தீர்த்ததா என்பது அந்த எண்ணில் இல்லை. எனக்கு வேண்டியதோ நிமிடத்துக்கு நிமிடம் மழையின் வேகம். குட்டி வாளி நிரம்பி நிரம்பிக் கவிழும்போதெல்லாம் நேரத்தைப் பதிகிற மழைமானி ஒன்றைப் பெரிய நிலையங்களில் டிஷ் பக்கத்திலேயே வைக்கச் சொல்லி நான் ஓயாமல் கேட்டிருக்கிறேன். ஒரு டிஷ்ஷின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவு அல்ல. வைத்த இடங்களில் வாக்குவாதம் குறைந்தது, ஏனென்றால் மழை எவ்வளவு, இழப்பு எவ்வளவு என்று இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

பன்னாட்டு ஒன்றியம் முன்பு உலகை எழுத்துகளால் மண்டலம் பிரித்து ஒரு வரைபடம் வைத்திருந்தது. ஆண்டில் 0.01 சதவீத நேரத்துக்கு, அதாவது சுமார் 53 நிமிடங்களுக்கு, மழை எந்த வேகத்தைத் தாண்டும் என்பது அதன் அடிப்படை. மேற்கு ஐரோப்பாவின் மண்டலங்களில் அந்த வேகம் மணிக்கு 20 முதல் 40 மில்லிமீட்டர். 'என்' மண்டலத்துக்கு 95, 'பி' மண்டலத்துக்கு 145. வெப்ப மண்டல ஆசியாவின் ஈரமான பகுதிகள் இந்த இரண்டுக்குள்தான் வருகின்றன. வேகம் மட்டும் அல்ல, உயரமும் கூடுதல். மழை நீராக இருப்பது உறைநிலைக்குக் கீழே உள்ள அடுக்கில்தான்; அதற்கு மேலே பனித்துகள்கள், அவை அலையை அதிகம் தடுப்பதில்லை. நம் பக்கத்தில் அந்த உறைநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் நாடுகளில் அது இதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே தயாரான கருவிப் பெட்டியோடு, அங்கே போட்ட கணக்கும் சேர்ந்து வந்து இறங்கியதுதான் தொடக்க காலத்தில் எங்கள் எல்லாருக்கும் நேர்ந்த சிக்கல். கருவியில் குறை கிடையாது. மழைக்கென்று ஒதுக்கிய இடைவெளி, அந்த நாட்டு மழைக்கானது.

போர்ட் பிளேயர் இருப்பது 93 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குப் பக்கத்தில். அந்த ஊருக்கு 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். 93.5 டிகிரியில் இருக்கும் செயற்கைக்கோளை அங்கிருந்து பார்த்தால் டிஷ் ஏறக்குறைய தலைக்கு மேலே பார்க்கும். 76 டிகிரி ஏற்றம். இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. சாய்வாகப் பார்க்கும் டிஷ் மழைக்குள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஊடுருவ வேண்டியிருக்கும். தீவில் ஐந்து கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் வெப்ப மண்டலத்து இடிமேகம் செங்குத்தான தூண். டிஷ் அந்தத் தூணின் உள்ளே, அடியிலிருந்து உச்சி வரை பார்க்கிறது. மேகம் தலைக்கு மேல் வந்தால் தப்ப வழியில்லை, நகர்ந்து போனால் உடனே விடுதலை. இணைப்பு படக்கென்று போய்ப் படக்கென்று வரும்.

தீவு வேலையின் சிரமம் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் கப்பலில் மூன்று நாள். அங்கிருந்து தெற்கே கார் நிக்கோபார், கமோர்ட்டா, கேம்பல் பே என்று போக வேறு கப்பல், அல்லது இடம் கிடைத்தால் ஹெலிகாப்டர். ஒரு கனெக்டரை மறந்துவிட்டுப் போனால் அடுத்த கப்பல் வரும்வரை அந்தத் தீவில் இணைப்பு இல்லை. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. போர்ட் பிளேயர் கடைத்தெருவில் தமிழிலேயே பேசிக் காலம் தள்ளலாம். சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் அவர்கள் இல்லாமல் நான் அங்கே வேலை பார்த்திருக்க முடியாது.

அப்படி ஒரு தீவில் வங்கிக் கிளை ஒன்று. மழை வந்தால் இணைப்பு போகிறது என்று தொடர்ந்து புகார். ஹப் எனப்படும் தாய் நிலையத்தில் இருந்தவர்கள் ஒவ்வொரு புகாருக்கும் 'ரெயின் ஃபேட்', அதாவது மழையால் வந்த மங்கல், என்று எழுதி மூடிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் என்னைப் பார்த்ததும் கேட்டது இதுதான்: "இங்க வருஷத்துல பாதி நாள் மழை சார். மழை வந்தா லிங்க் இருக்காதுன்னா நான் பேங்கைப் பூட்டிட்டுப் போயிடவா?"

அவர் கேள்வி நியாயமானது. ஆனால் எனக்கு வேண்டிய விவரம் அதில் இல்லை. இரவுக் காவலர் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து தீவிலேயே தங்கிவிட்ட பெரியவர். அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். "ஐயா, மழை எப்ப பிடிக்குது, எப்ப விடுது, மோடத்துல இந்தப் பச்சை விளக்கு எப்ப அணையுது, எப்ப எரியுது, இதை மட்டும் எழுதி வைங்க. வேற எதுவும் வேண்டாம்." அடுத்த தீவு வேலையை முடித்துத் திரும்பியபோது நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். நான் படிப்பதற்குள் அவரே சொன்னார்: "தம்பி, மழையில லைட்டு போகல. மழை விட்டு ஒரு நாழி கழிச்சுத்தான் போவுது. மறுநா வெயில் ஏறுனா தன்னால வந்துருது. மழை மேல தப்பு இல்லைன்னு தோணுது எனக்கு."

அதற்கு மேல் எந்தச் சோதனைக் கருவியும் தேவைப்படவில்லை. மழையால் அறும் இணைப்பு மழை விட்டதும் வந்துவிடும். அதற்கு வேறு நடத்தை கிடையாது. மழை விட்ட பிறகு போவது என்றால் தண்ணீர் எங்கோ உள்ளே இறங்குகிறது. டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. கருவியின் பக்கத்துக் கனெக்டரை அவிழ்த்தோம். செம்பு நரம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. மேலே சுற்றியிருந்தது மின்கம்பிக்குச் சுற்றுகிற சாதாரணக் கறுப்பு டேப். கடற்கரை வெயிலில் அது ஒரு பருவம்கூடத் தாங்காது. விரிசல் வழியே இறங்கிய நீரைக் கேபிளின் பின்னல் உறை திரியைப் போல உறிஞ்சிக் கீழே கொண்டுவந்திருந்தது. கேபிளை வெட்டிப் பார்த்தபோது கூரையிலிருந்து சுவர் வரை ஈரம்.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் அனுபவத்தில் 'மழை' என்று எழுதி மூடப்பட்ட புகார்களில் பெரும்பகுதி இதுதான். கனெக்டருக்கு மேல் ரப்பர் டேப் சுற்ற வேண்டும். இழுத்துச் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சதையாகிவிடும் வகை. கீழிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும், ஓடு வேய்வதுபோல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிய. அதற்கு மேல்தான் கறுப்பு டேப், வெயிலுக்குப் பாதுகாப்பாக. கேபிள் எந்தக் கருவிக்குள்ளும் மேலிருந்து நேராக நுழையக் கூடாது. ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து, மறுபடி ஏறி நுழைய வேண்டும். அப்போது வழிந்து வரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் குழலான பீட் ஹார்னுக்கு முன்னால் ஒரு மெல்லிய மூடி உண்டு. அதில் ஊசித் துளை விழுந்தாலும் ஈரம் உள்ளே போகும். கிழிந்தால் குளவி கூடு கட்டும். பீடும் எல்.என்.பி.யும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பழுது பார்க்க அவிழ்க்கிறவர்கள் திரும்பப் போடும்போது அதை விட்டுவிடுவது சர்வ சாதாரணம். துருவேறாத எஃகு போல்ட் போடாமல் துத்தநாகம் பூசியதைப் போட்டால், கடல் காற்றில் அது அரித்துத் தளர்ந்துவிடும். தளர்ந்தால் டிஷ் திரும்பும்.

டிஷ் திரும்புவதைப் பற்றி ஒரு கணக்கு. 1.2 மீட்டர் டிஷ்ஷின் பார்வை 12 கிகாஹெர்ட்ஸில் சுமார் ஒன்றரை டிகிரி அகலம். புயற்காற்று அதை அரை டிகிரி தள்ளிவிட்டால் ஒன்றரை டெசிபல் அளவுக்குப் போகும். வெயில் நாளில் யாருக்கும் தெரியாது. விளக்கு பச்சையாகத்தான் எரியும், பணம் எடுக்கலாம், கணக்கு முடிக்கலாம். பழைய கேபிளில் ஒரு டெசிபல், ஈரக் கனெக்டரில் ஒரு டெசிபல், மேலே போகும் சக்தியைக் குறைத்து வைத்ததில் இன்னொன்று என்று சேர்ந்துகொண்டே போகும். மழைக்கென்று வைத்திருந்த ஆறேழு டெசிபலில் பாதிக்கு மேல் இப்படி வெயில் காலத்திலேயே தீர்ந்திருக்கும். சாதாரண மழையே இணைப்பை அறுக்கப் போதுமானதாகிவிடும். அப்போது யாரைக் கேட்டாலும் மழை என்றுதான் சொல்வார்கள். பருவத்துக்கு ஒரு முறை, நல்ல வெயில் நாளில், சிக்னல் அளவை எழுதி, டிஷ் மாட்டிய நாளில் எழுதிய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒப்பிட அந்தப் பழைய எண் இருக்க வேண்டும். நிறுவிய அன்றைய அளவைத் தாளில் எழுதி மோடத்தின் அடியில் ஒட்டாத டிஷ், என் கணக்கில் பாதி மாட்டிய டிஷ்.

மழை நம் ஊரில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தாய் நிலையமான ஹப்பின் மேல் கொட்டினால், வெயில் காயும் ஊர்களிலும் இணைப்பு தடுமாறும். கிளைகள் எல்லாம் ஒரே நிமிடத்தில் விழுந்தால் முதலில் ஹப் இருக்கும் ஊரின் வானத்தை விசாரிக்க வேண்டும். ஹப்பில் டிஷ் பெரிது. மழை வந்தால் சக்தியைத் தானாகக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. செயற்கைக்கோள் இடைவிடாமல் அனுப்பும் அடையாள அலை எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து, அதற்கேற்ப மேலே அனுப்பும் சக்தியைக் கூட்டும். இந்தக் கூட்டலுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. மழை விட்ட நொடியில் குறைக்காமல் விட்டால் பக்கத்து அலைவரிசைக்காரரைப் பாதிக்கும். கவனமாக அளவிட்டு அமைக்க வேண்டிய வேலை அது.

தொழிலில் உண்மையான திருப்பம் 2005-ல் வந்த டி.வி.பி. எஸ்-2 என்ற தர வரையறையோடு தொடங்கியது. அதற்கு முன் இணைப்பு என்றால் முழு வேகம் அல்லது ஒன்றுமில்லை. புதிய முறையில், சிக்னல் மங்க மங்க மோடம் ஹப்புக்குத் தகவல் சொல்லும். ஹப் அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் மெதுவான, ஆனால் இரைச்சலைத் தாங்கும் முறைக்கு மாறும். மிக வேகமான முறைக்கும் மிக மெதுவான முறைக்கும் இடையே தாங்குதிறனில் சுமார் 18 டெசிபல் வித்தியாசம். அதை முதன்முதலாக ஓர் இடிமழையின்போது திரையில் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோடு இறங்குகிறது, வேகம் படிப்படியாகக் குறைகிறது, நாங்கள் எல்லாரும் அறுபடும் நொடிக்காகக் காத்திருக்கிறோம். அறவில்லை. ஏ.டி.எம். பரிமாற்றத்துக்கு மிகச் சிறிய வேகமே போதும் என்பதால் வாசலில் நின்றவர் பணம் எடுத்துக்கொண்டு போனார். காணொளிக் கூட்டத்துக்கு அது போதாதுதான். ஆனாலும் ஒரு சுகாதார நிலையத்துக்கு, மழையில் படம் போய்க் குரல் மட்டும் நிற்பதும், இரண்டும் போவதும் ஒன்றல்ல.

மலேசியாவில் இருக்கும் தமிழர்கள் இதைப் படித்தால், மழை வந்தால் அஸ்ட்ரோ தொலைக்காட்சி போகும் என்பது எங்களுக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்தே தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த நாடு செய்ததை நான் மதிப்போடு பார்க்கிறேன். 1996-ல் மீசாட்-1 செயற்கைக்கோளை ஏவி, உலகிலேயே கடுமையான மழை மண்டலங்களில் ஒன்றில் கே.யூ. பேண்டில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி கொடுக்க முடியும் என்று காட்டினார்கள். மழை நேரத்துச் சில நிமிடங்களை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். தொலைக்காட்சிக்கு அந்த ஒப்பந்தம் செல்லும். மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் அது செல்லாது.

இப்போது கே.ஏ. பேண்டின் காலம். இந்தியாவில் அதற்கான முயற்சி தோல்வியில் தொடங்கியது: கே.ஏ. கருவிகளோடு 2010 ஏப்ரலில் ஏவப்பட்ட ஜிசாட்-4, ராக்கெட் பழுதால் கடலில் விழுந்தது. 2014 ஜனவரியில் போன ஜிசாட்-14, 20.2, 30.5 கிகாஹெர்ட்ஸ்களில் இரண்டு அடையாள அலைகளை அனுப்பியது. நம் மழை அந்த அலைகளை எவ்வளவு தின்கிறது என்று நம் மண்ணிலேயே அளப்பதுதான் அதன் நோக்கம். பிறர் நாட்டு அட்டவணையோடு மல்லுக்கட்டிய என் போன்றவர்களுக்கு அந்தச் செய்தி தந்த நிறைவைச் சொல்லில் அடக்க முடியாது. அமெரிக்காவில் நாசா 1993-ல் ஏவிய ஏ.சி.டி.எஸ். செயற்கைக்கோளை வைத்து ஃப்ளோரிடா உட்படப் பல இடங்களில் இதே போல அளந்திருந்தார்கள். மழையின் இழப்போடு, டிஷ்ஷின் மேலும் பீட் மூடியின் மேலும் படியும் நீர்ப்படலமே பல டெசிபலைத் தின்றுவிடும் என்று அதில் தெரியவந்தது. கே.ஏ. டிஷ் மாட்டுகிறவர்கள் மூடியில் நீர் ஒட்டாத பூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

இந்தியாவிலும் கே.ஏ. கருவிகளோடு கோள்கள் அடுத்தடுத்துப் போயின: 2018 நவம்பரில் ஜிசாட்-29, டிசம்பரில் 5,854 கிலோ எடையுள்ள ஜிசாட்-11, 2024 நவம்பர் 19 அன்று ஃபால்கன்-9 ராக்கெட்டில் போன ஜிசாட்-என்2. கடைசியாகச் சொன்னதில் 32 கற்றைகள், எல்லாமே கே.ஏ.; மொத்தத் திறன் நொடிக்கு 48 கிகாபிட். அதில் எட்டு குறுகிய கற்றைகள் வடகிழக்குக்கு. அந்தமானும் இலட்சத்தீவும் அதன் பரப்புக்குள் வருகின்றன. கற்றை குறுகினால் சக்தி ஓரிடத்தில் குவியும், மழைக்கு ஒதுக்க இடைவெளி கூடும். ஆனால் மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில், கிலோமீட்டருக்குப் பத்தொன்பது டெசிபல் கேட்கும் 30 கிகாஹெர்ட்ஸுக்கு எந்தக் குவிப்பும் முழுப் பதில் ஆகாது. தாய் நிலையங்களை ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தள்ளி இரண்டாக வைத்தால் ஒன்றின் மேல் கொட்டும்போது மற்றதற்கு மாறிக்கொள்ளலாம். இடிமேகத்தின் கடுமையான பகுதி சில கிலோமீட்டர் அகலமே. கிளை நிலையத்துக்கு இந்த வசதி கிடையாது. அது தன் தலைமேல் கொட்டும் மழையை வாங்கித்தான் தீர வேண்டும்.

தாழ்வான சுற்றுப்பாதையில் ஆயிரக்கணக்கில் பறக்கும் புதிய கோள்கள் மழைச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். 550 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்தாலும் 35,786-லிருந்து வந்தாலும் கடைசி ஐந்து கிலோமீட்டர் அதேதான். ஒரு கோள் மழைப் பக்கம் இருந்தால் வேறு பக்கத்துக் கோளுக்கு மாறும் வாய்ப்பு ஓரளவு உதவும், அவ்வளவே.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையைப் போர்ட் பிளேயரோடு இணைக்கும், கிளைகளையும் சேர்த்துச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை அதன் கிளைகள் போகின்றன. அதுவரை தீவுகளின் இணையம் முழுக்கச் செயற்கைக்கோள் வழியேதான். எங்கள் தொழிலுக்குப் போட்டி என்று நான் அதை நினைக்கவில்லை. தீவு மக்கள் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்று தெரிந்தவன் நினைக்க முடியாது. 2000-களின் தொடக்கத்தில் இஸ்ரோ, போர்ட் பிளேயரின் ஜி.பி. பந்த் மருத்துவமனையைச் சென்னை இராமச்சந்திரா மருத்துவமனையோடு செயற்கைக்கோள் வழியே இணைத்தது. தீவில் நோயாளி, சென்னையில் நிபுணர் என்று நடந்த அந்த ஆலோசனைகளுக்கு வேறு எந்த வழியும் அன்று இல்லை. கேபிள் போகாத சிறு தீவுகளுக்கு இன்றும் இல்லை. கேபிள் போன இடத்திலும், நங்கூரமோ நிலநடுக்கமோ அதை அறுத்தால் டிஷ்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட இடங்களில் பழைய சி பேண்ட் டிஷ்களைக் காயலான் கடைக்கு அனுப்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வேகம் குறைவுதான், இடம் அடைப்பதும் உண்மைதான். ஆனால் எந்த மழையிலும் நிற்கும்.

பள்ளிக்கோ சுகாதார நிலையத்துக்கோ கூட்டுறவு வங்கிக்கோ செயற்கைக்கோள் இணைப்பு வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் 99.5 சதவீதம் என்று எழுதித் தருவார்கள். ஆண்டுக்கு 44 மணி நேரம் இணைப்பு இருக்காது என்பதுதான் அதன் பொருள். மழையால் வரும் பங்கு எத்தனை மணி, அது எந்த மாதங்களில், பகலின் எந்த வேளையில் விழும், எந்த ஊர் மழைக் கணக்கை வைத்து இதைச் சொல்கிறார்கள், அந்த நேரத்துக்கு மாற்று வழி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். டிஷ்ஷை 1.2-லிருந்து 1.8 மீட்டராக்கினால் மூன்றரை டெசிபல் கூடும். அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள். மழை என்று எழுதி மூடிய ஒவ்வொரு புகாருக்கும் மழை பிடித்த நேரத்தையும் இணைப்பு போன நேரத்தையும் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். இவற்றைத் தர மறுக்கிற நிறுவனத்திடம் டிஷ் வாங்காதீர்கள்.